மூத்தவளுக்குத் துணி அமையல: சிங்கப்பூர்ல நாம உடுத்தின கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை, சமையல் எல்லாம் முடிச்சிட்டு ஒரு டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

போன தீபாவளிக்கு ரெண்டு நாள் கழிச்சு, சாயங்கால பூஜை நேரம். நான் பிரசாத மேசையில நின்னுக்கிட்டிருந்தேன். தீபாவளி காலையில மூணு பிள்ளைங்களோட எப்பவும் முதல் ஆளா வர்ற ஒரு தங்கச்சி, அன்னிக்குத்தான் வந்தாங்க. "ஏம்மா, தீபாவளி அன்னிக்குக் காணோமே, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன்.

"இல்லக்கா. சின்னதுங்க ரெண்டுக்கும் எடுத்துட்டேன். மூத்தவளுக்குத்தான் அமையல. அவ கேக்குறது நமக்குக் கட்டுப்படியாகல, நமக்குக் கட்டுப்படியாகுறது அவளுக்குப் பிடிக்கல. எல்லாரும் புதுசு போட்டுக்கிட்டு வர்ற இடத்துக்கு பழச போட்டுக்கிட்டு வரமாட்டேன்னு ரூமுல உக்காந்துட்டா. அவளை விட்டுட்டு வர எனக்கு மனசில்ல."

மூத்தவளுக்கு வயசு 16.

இதை நம்ம தொண்டூழியர்கள் கூடிப் பேசும்போது சொன்னேன். பேர் ஊர் எதுவும் சொல்லல. உடனே பெரியவர் ஒருத்தர், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் ஸ்டைலு. நாங்கல்லாம் கிடைச்சதைக் கட்டிக்கிட்டு சாமி கும்பிடலையா?"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் கிடைச்சதைக் கட்டிக்கல. 16 வயசுல நல்லா ஸ்டைலாத்தான் உடுத்தினேன். அந்தப் பெரியவர் பெல்பாட்டம் போட்டு எடுத்த படமும் எங்க வீட்டு ஆல்பத்துல இருக்கு, மறந்துட்டார் போல!

எங்கப்பா செம்பவாங் கடற்படைத் தளத்துல கூலி வேலை. வெள்ளைக்காரன் போனதுக்கு அப்புறம் அதே இடத்துல கப்பல் பட்டறை. அஞ்சு பிள்ளைங்க. அந்தச் சம்பளத்துல நாங்க எப்படி அப்படி உடுத்தினோம்? இந்தக் கேள்வி என்னை விடல. நாலஞ்சு மாசமா மூத்த அம்மாமாரைக் கேட்டேன், நூலகத்துக்குப் போய் கொஞ்சம் படிச்சேன். தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. இந்த ஊர் தொடக்கத்திலிருந்தே தீர்வை இல்லாத துறைமுகம். உலகத்துத் துணியெல்லாம் இங்க வந்து இறங்கிட்டுத்தான் மத்த ஊருக்குப் போகும். அதனால துணி மலிவு. ஹை ஸ்திரீட்ல சிந்திக்காரங்களும் சீக்கியர்களும் பெரிய பெரிய பட்டுக்கடை வச்சிருந்தாங்க. அராப் ஸ்திரீட்ல பாத்திக், கைலி, கஜம் கணக்குல வெட்டிக் கொடுக்கிற துணி. 1957-ல மெட்ரோ கடை தொடங்கினதும் ஹை ஸ்திரீட்லதான்.

எங்கம்மா மாதிரி ஆளுங்க ஹை ஸ்திரீட் கடைக்குள்ள காலெடுத்து வச்சதில்ல. கண்ணாடி வழியா பார்ப்பாங்க, அவ்வளவுதான். பார்த்ததை மனசுல வச்சுக்கிட்டு, அராப் ஸ்திரீட்லயோ சிராங்கூன் ரோட்லயோ துணி வாங்கி, தையல்காரர்கிட்ட கொடுத்துடுவாங்க. நார்த் பிரிட்ஜ் ரோட்டு ராயல், டைமண்ட் தியேட்டர்ல தமிழ்ப் படம் பார்த்துட்டு வந்து, "சரோஜாதேவி போட்ட அந்தக் கை வச்ச ரவிக்கை மாதிரி"ன்னு சொன்னா போதுமாம். அவர் தலையாட்டுவார், அடுத்த வாரம் ரவிக்கை வந்துடும்.

அந்தத் தையல்காரர் எங்க உட்கார்ந்திருந்தார்? கடைவீட்டுக்கு முன்னால, அஞ்சடி நடைபாதையில. ஒரு மெஷின், ஒரு முக்காலி. அவருக்கு வாடகை ரொம்பக் கொஞ்சம். ஏன்னா 1947-ல கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதுக்கு முன்னால கட்டின பழைய கட்டடங்களோட வாடகைய ஏத்த விடாம பிடிச்சு வச்சிருந்துச்சு. கட்டடக்காரங்களுக்கு நஷ்டம்தான், பழுது பார்க்காம பல வீடு இடிஞ்சு விழுற நிலைமைக்கு வந்துச்சு. அதை மறைக்கக் கூடாது. ஆனா அந்தக் குறைஞ்ச வாடகையிலதான் எங்கம்மாவோட ரவிக்கை இருந்துச்சு.

அடுத்தது பசார் மாலாம். இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த முடியாது, மன்னிச்சுக்குங்க.

எங்க பக்கம் சோங் பாங்ல போடுவாங்க. சம்பள நாள் ஒட்டி வந்தா கூட்டம் நெருக்கும். தரையில தார்ப்பாய் விரிச்சு, கேஸ் விளக்கு ஏத்தி, "மாரி மாரி"ன்னு கூவுவாங்க. இன்னிக்கு இந்தக் கம்பத்துல, நாளைக்கு வேற கம்பத்துல. கடைக்கு வாடகை இல்ல, கதவு இல்ல, ஏர்கான் இல்ல. அந்தச் செலவெல்லாம் இல்லாததால அதுவும் துணி விலையில ஏறல. அங்கதான் எங்கக்காவுக்கு முதல் மேக்சி, எனக்கு முதல் பூப்போட்ட சட்டை, அம்மாவுக்கு ஜப்பான் நைலக்ஸ் புடவை.

நைலக்ஸ் புடவையை மூத்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. துவைச்சுக் கொடியில போட்டா அரை மணியில காஞ்சிடும், இஸ்திரி வேண்டாம். அப்போ ரஜுலா கப்பல்லயும், பிறகு சிதம்பரம் கப்பல்லயும் ஊருக்குப் போறவங்க பெட்டியில இது இல்லாம இருக்காது. நாகப்பட்டினத்துல இறங்கினா சொந்தக்காரங்க முதல்ல தேடுறது இதைத்தான். தமிழ்நாட்டுல நாலு பேர் திரும்பிப் பார்க்கிற புடவை நம்ம ஊர் தெருவோரத்துல கிடைச்சுது. எங்க அத்தை ஒருத்தங்க, நாங்க அனுப்பின புடவையைக் கட்டிக்கிட்டுத்தான் பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னால நின்னாங்களாம். இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

இன்னொரு வழியும் இருந்துச்சு. 1970-கள்ல இங்க உடுப்புத் தொழிற்சாலைகள் நிறைய. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏத்துமதி. எங்கக்கா ஒரு தொழிற்சாலையில காலர் தைக்கிற வேலை பார்த்தாங்க. ஒரு பொத்தான் தப்பா இருந்தாலும் அந்தச் சட்டையைக் கழிச்சிடுவாங்க. கழிச்சது கொஞ்சக் காசுக்கு வெளிய வரும். லண்டன் பொண்ணு அடுத்த மாசம் போடப் போற சட்டையை நான் இந்த மாசமே பங்குனி உத்திரத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனேன், பொத்தானை அம்மா மாத்தித் தைச்சிட்டாங்க. எங்க பக்கத்துக்குப் பங்குனி உத்திரம்தான் பெரிய திருவிழா. கடற்படைத் தளத்து ஆளுங்க மரத்தடியில வச்சுக் கும்பிட்ட முருகன், இப்போ ஈசூன்ல இருக்கிற புனித மரம் பாலசுப்பிரமணியர். காவடி பார்க்கப் போனோம்னு சொல்லுவோம். யார் என்ன போட்டிருக்கான்னு பார்க்கவும்தான் போனோம். முருகனுக்கும் அது தெரியும்.

இதெல்லாம் எப்படிப் போச்சு?

ஒரே நாள்ல போகல. யாரும் கெட்ட எண்ணத்துல எடுக்கவும் இல்ல. அதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வர்றேன்.

1978-ல பசார் மாலாமை நிறுத்தினாங்க. குப்பை, போக்குவரத்து நெரிசல், வாடகை கட்டுற கடைக்காரங்களோட முறையீடு. காரணம் எல்லாம் நியாயம். அடுத்த நாள் காலையில அந்த ரோட்டைக் கூட்டினவங்கள்ல நம்ம ஆளுங்கதானே அதிகம். எனக்கு 16 வயசு முடிஞ்ச வருஷம் அது. பின்னால திரும்ப வந்தது வேற மாதிரி, கூடாரம் போட்டு வாடகைக்கு விடுற சந்தை. கேலாங் சிராய் நோன்புச் சந்தையில ஒரு கடைக்கு வாடகை பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டினது செய்தியிலேயே வந்துச்சு. அந்த வாடகை கட்டிட்டு யாரால பத்து வெள்ளிக்குச் சட்டை விக்க முடியும்? அதனாலதான் தீனிக் கடையா நிறைஞ்சிருக்கு.

1979-லிருந்து அரசாங்கம் சம்பளத்தை வேகமா ஏத்தச் சொல்லுச்சு. குறைஞ்ச கூலித் தொழிலை விட்டு மேல போகணும்னு திட்டம். எங்கக்கா சம்பளமும் ஏறுச்சு, வீட்டுல சந்தோஷம். போகப் போக உடுப்புத் தொழிற்சாலைகள் கூலி குறைஞ்ச ஊர்களைப் பார்த்து நகர்ந்துச்சு. அக்கா மின்னணுத் தொழிற்சாலைக்கு மாறிட்டாங்க. கழிச்ச சட்டை வர்றதும் நின்னுச்சு.

பெரிய கடைங்க ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் போச்சு. 1972-ல ராஃபிள்ஸ் பிளேஸ்ல ராபின்சன்ஸ் எரிஞ்சுது, ஒன்பது பேர் உயிர் போச்சு. அந்தக் கடை திரும்பத் திறந்தது ஆர்ச்சர்ட் ரோட்ல. ஹை ஸ்திரீட் மெதுவா அடங்கிப் போச்சு. பேரம் பேசி வாங்கின சேஞ்ச் ஆலி 1989 ஏப்ரல் கடைசியில மூடிட்டாங்க. அதே வருஷம் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சாங்க. கட்டடம் தப்பிச்சது, அதுக்கு நன்றி சொல்லணும். 2001-ல வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் போச்சு. சுவருக்கு வர்ணம் அடிச்சாங்க, வாடகை ஏறுச்சு, அஞ்சடியில உட்கார்ந்திருந்த தையல்காரர் ஒருத்தர் ஒருத்தரா காணாம போனாங்க.

முஸ்தஃபா கடை மட்டும் வேற வழியில போச்சு. 1971-ல கேம்பல் லேன்ல சின்ன ரெடிமேட் துணிக்கடையாத் தொடங்கினதுதான் அது. 1985-ல சிராங்கூன் பிளாசா, பத்து வருஷம் கழிச்சு சையது ஆல்வி ரோடு. விலை குறைச்சலா, நிறைய வித்து நின்னவங்க. என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போட்ட உள்சட்டை, காலுறை எல்லாம் அங்க வாங்கினதுதான். ஆனா 16 வயசுப் பொண்ணுகிட்ட அங்க வாங்கலாமான்னு கேட்டுப் பாருங்க, மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சிடும்.

என் பொண்ணு வயசுக்காரங்களுக்கு நடுவுல ஒரு நல்ல காலம் இருந்துச்சு. பூகிஸ் ஸ்திரீட், ஃபார் ஈஸ்ட் பிளாசா. சின்னச் சின்னக் கடை, பாங்காக்ல இருந்தும் ஹாங்காங்ல இருந்தும் மூட்டையில எடுத்துட்டு வந்து விப்பாங்க. பகுதி நேர வேலை பார்த்த காசுல அவளே வாங்கிக்குவா. இப்போ பூகிஸ் பக்கம் நடந்தா என் கண்ணுல படுறது தீனியும் போன் உறையும்தான் அதிகம். ஜான் லிட்டில் 2016-ல கடைசிக் கடையையும் மூடினாங்க. ராபின்சன்ஸ் 2020-ல திவாலாகி 2021 ஜனவரியில கதவைச் சாத்துச்சு. அது மலிவான கடை இல்லதான். ஆனா தள்ளுபடி நாள்ல விடியக்காலையில வரிசை பிடிச்ச நம்ம அக்காமார் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும்.

இப்போ துணி இல்லையான்னு கேட்டா, இருக்கு. தேக்கா மாடியில பஞ்சாபி சூட் கடைகளும் தையல்காரங்களும் இன்னும் இருக்காங்க. வீவக கடைகள்ல பத்து வெள்ளி, பன்னெண்டு வெள்ளிக்கு மேல்சட்டை தொங்குது. என் வயசுக்கு அது போதும், நான் அங்கதான் வாங்குறேன். 16 வயசுக்காரி கண்ணாடி முன்னால நின்னு சந்தோஷப்படுற துணி அந்த விலையில கடையில தொங்கலைங்கிறதுதான் விஷயம்.

ஆன்லைன்ல வாங்கச் சொல்றீங்க. அந்தத் தங்கச்சி வாங்கித்தான் பார்த்தாங்க. படத்துல இருந்த துணி வேற, பையில வந்தது வேற. தோள் பக்கம் இறுக்கம், இடுப்புப் பக்கம் தொளதொள. திருப்பி அனுப்பி, காசு வந்து, வேற வாங்குறதுக்குள்ள தீபாவளி போயிடுச்சு. 2023-லிருந்து வெளிநாட்டிலிருந்து வர்ற சின்னப் பொட்டலத்துக்கும் பொருள் சேவை வரி உண்டு. ஜொகூருக்குப் போய் வாங்கலாம், ரெண்டு நாளைக்குள்ள திரும்பினா நூறு வெள்ளிச் சாமானுக்குத்தான் வரி விலக்கு. வசதி இருக்கிறவங்க சென்னைக்கு டிக்கெட் போட்டு தி.நகர்ல மொத்தமா எடுத்துட்டு வந்துடுறாங்க. நானும் ஒரு தடவை போயிருக்கேன். நாகப்பட்டினத்து அத்தைக்கு நாங்க கப்பல்ல புடவை அனுப்பின ஊர் இது. இப்போ அவங்க பேத்தி எனக்கு வாட்ஸ்அப்ல டிசைன் அனுப்புறா, "எது வேணும் பெரியம்மா, சொல்லுங்க"ன்னு.

விமானச் சீட்டு வாங்க முடியாதவங்கதான் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. அந்தத் தங்கச்சி ராத்திரி வேலை பார்க்கிறாங்க. பார்க்கிற இடத்துல எல்லாம் ஏர்கான் கடைத்தொகுதி, எல்லாத்திலயும் கண்ணாடி. எங்கம்மா மாதிரியே அவங்க பொண்ணும் கண்ணாடி வழியா பார்க்கிறா. பார்த்ததைத் தைச்சுக் கொடுக்க அஞ்சடியில ஆள்தான் இல்ல.

அந்தப் பெரியவரோட எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. மறுவாரம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, தன்னோட பெல்பாட்டம் பசார் மாலாம்ல ஆறு வெள்ளிக்கு வாங்கினதுன்னார். பிறகு, அவங்க வீட்டம்மா தைச்ச சிங்கர் மெஷின் கட்டிலுக்குக் கீழ இருக்கு, அம்மா போனதுக்கு அப்புறம் தொடல, எடுத்துக்குங்கன்னார்.

அதைத் துடைச்சு எண்ணெய் போட்டு, சமையற்கூடத்துக்குப் பின்னால இருக்கிற அறையில வச்சிருக்கோம். தேக்காவுல முன்னால தைச்ச ஒரு அம்மா சனிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார ஒத்துக்கிட்டாங்க. பொண்ணுங்க போன்ல படத்தைக் காட்டலாம், துணி கொண்டு வரலாம், கூலி கிடையாது. பீரோவுல கட்டாம கிடக்கிற புடவையை வெட்டித் தைக்கவும் அம்மா தயார். யார் வீட்டிலயாவது இன்னொரு மெஷின் சும்மா இருந்தா சொல்லுங்க, நாங்களே வேன் எடுத்துட்டு வந்து தூக்கிக்கிறோம். ஓவர்லாக் மெஷினா இருந்தா ரொம்ப உதவி. முழு உயரக் கண்ணாடி ஒண்ணும் வேணும்.

மூத்தவ போன சனிக்கிழமை வந்தா. அளவு எடுத்தாச்சு.

ஓம் சக்தி.