தட்டாமாலையும் ஆகாய விமானமும்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களின் காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து எட்டவே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்ப்பவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தாம். ஏழு கடலையும் தாண்டி வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவன், கடைசி நாலு அலைகளைத் தாண்டுவதற்கு மட்டும் நம் ஊர்ப் படகோட்டியிடம் உயிரை ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கப்பல் வைத்திருப்பது வேறு, இந்தக் கடற்கரையின் அலை தெரிந்திருப்பது வேறு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கடலில் இவ்வளவு எளிதாக விளங்கிய விஷயம் ஆகாயத்தில் விளங்குவதற்கு எத்தனையோ உயிர்கள் போக வேண்டியிருந்தது. பணம் கொடுத்துச் சொந்தமாக விமானம் வாங்கித் தாங்களே ஓட்டியவர்களின் சரித்திரத்தைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சரித்திரத்தில் முதல் வரிசையில் நிற்பவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். விமானத்தில் ஒரு திசைகாட்டிகூட இல்லை. நடுக்கடலில் மூடுபனி சூழ்ந்து, முன்னும் பின்னும் கரையே தெரியாமல் பத்து நிமிஷம் போலப் பறந்தார். பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். பிரான்சின் ஹார்டலோ கடற்கரையில் அவர் வீட்டுக்கு அருகே விடுமுறைக்கு வந்து தங்கும் குடும்பம் ஒன்று இருந்தது. தந்தை பார்ஸி, தாய் பிரெஞ்சுக்காரி. அந்த வீட்டுப் பையன், பாரிஸில் பிறந்த ஜே. ஆர். டி. டாட்டா. விமானப் பைத்தியம் அவரைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

நான்கு மணி நேரங்கூட ஆகாத பாடத்துக்குப் பிறகு டாட்டா தனியாக விமானம் ஓட்டினார். 1929 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் அவர் கைக்கு வந்தது. மறு வருஷமே ஆகாகான் ஒரு போட்டி வைத்தார்: இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே முதலில் தனியாகப் பறக்கும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. மூன்று பேர் கிளம்பினார்கள். மன்மோகன் சிங் வழி தவறித் தவறித் திண்டாடினார். கராச்சியிலிருந்து சென்ற டாட்டாவும், எதிர்த் திசையில் வந்த ஆஸ்பி என்ஜினீர் என்ற 17 வயதுப் பையனும் எகிப்தில் அபூகீரில் சந்தித்துக்கொண்டார்கள். பையனிடம் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை. டாட்டா தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். பையன் ஜெயித்தான்! பிற்காலத்தில் நம் விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கியவர் அந்தப் பையன்தான்.

1932 அக்டோபர் 15ஆம் தேதி டாட்டா, பஸ் மாத் என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் பைகளை ஏற்றிக்கொண்டு ஆமதாபாத் வழியாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தார். ஆமதாபாத்தில் அந்த விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்ற நண்பர், இரவு பெல்லாரியில் தங்கி, தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ரேடியோ இல்லை, வழிகாட்டும் சாதனம் எதுவும் இல்லை. கீழே ரெயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே வர வேண்டியதுதான். பஸ் மாத்தின் வேகம் மணிக்குச் சுமார் 100 மைல். தவறு செய்தால் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் உண்டு. மேகத்துக்குள் புகுந்துவிட்டாலோ அந்த அவகாசமும் இல்லை.

மேகத்துக்குள் அப்படி என்னதான் நேர்ந்துவிடும்? நம் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டால் பாதி விடை கிடைக்கும். தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதல்லவா? காதுக்குள்ளே இருக்கும் நீர் செய்கிற வேலை அது. உடம்பு திரும்பத் தொடங்கும்போது அந்த நீர் பின்தங்கி, “திரும்புகிறாய்” என்று சேதி சொல்லும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். அப்புறம் சேதி நின்றுபோகும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருக்கும். விமானியோ நேராகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பான். வேகம் ஏறுகிறதே என்று மூக்கைத் தூக்கப் பிடியை இழுப்பான். சாய்ந்த விமானத்தில் பிடியை இழுத்தால் வட்டம் இன்னும் இறுகுமே தவிர மேலே ஏறாது.

1926இல் வில்லியம் ஆக்கர் என்ற அமெரிக்க விமானியை ஒரு டாக்டர் சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்காரவைத்துச் சுற்றினார். பல வருஷம் பறந்த ஆக்கர், எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று சொல்லத் தெரியாமல் விழித்தார். ஆள் நல்ல ரோஷக்காரர் போலும். திருப்பத்தைக் காட்டும் கருவியை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இம்முறை டாக்டரால் அவரை ஏமாற்ற முடியவில்லை.

1852இல் பாரிஸில் லியோன் பூக்கோ என்ற விஞ்ஞானி, பூமி சுழல்வதை நிரூபிக்க ஒரு சுழல் சக்கரத்தைச் செய்து அதற்கு ஜைராஸ்கோப் என்று பெயர் வைத்தார். வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை லேசில் விடாது. பம்பரம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தச் சக்கரம் விமானத்துக்குள் ஏறி, செயற்கை அடிவானம் என்ற கருவியாயிற்று. 1929 செப்டம்பர் 24ஆம் தேதி ஜேம்ஸ் டூலிட்டில் என்ற அமெரிக்கர், வெளியே ஒன்றும் தெரியாதபடி கூடாரம் போட்டு மூடிய அறையில் உட்கார்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தை எழுப்பி, சுற்றிவந்து, தரையிலும் இறக்கிவிட்டார்.

கருவி வந்துவிட்டது. ஆனால் அதை நம்புவதற்குக் கல்வி வேண்டுமே! தன் உடம்பு “நேராகப் போகிறாய்” என்று சத்தியம் செய்யும்போது, “இல்லை, சாய்ந்திருக்கிறாய்” என்று சொல்லும் ஒரு கண்ணாடி வட்டத்தை நம்புவது சாமானிய காரியமா? ஒருநாள் படித்தால் வராது. படித்தாலும் பழக்கம் விட்டால் போய்விடும்.

1947இல் அமெரிக்காவில் பீச்கிராப்ட் பொனான்சா விற்பனைக்கு வந்தது. மடக்கிக்கொள்ளும் சக்கரம், வழுவழுப்பான உடல், மணிக்கு 170 மைல் வேகம். வசதி உள்ளவர்கள் ஆசைப்பட்டு வாங்கினார்கள். டாக்டர்கள் பலர் வாங்கினார்கள். அவர்களில் சிலர் இறந்தார்கள். ‘டாக்டர்களைக் கொல்லும் விமானம்’ என்றே அதற்குக் கெட்ட பெயர் வந்தது. அது விமானத்துக்குச் செய்த அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மட்டக் குதிரையில் சவாரி பழகியவன் பந்தயக் குதிரை மேல் ஏறி விழுந்தால் குதிரையையா ஏசுவது? வழுவழுப்பான விமானம் மூக்கைத் தாழ்த்தினால் நொடியில் வேகம் பிடிக்கும். பழைய விமானங்கள் தந்த அவகாசத்தை அது தராது. நம் நாட்டிலும் சொந்தச் சிறு விமானங்கள் பெரிய இடத்துப் பிள்ளைகளைப் பலி கொண்டதுண்டு. ஜோத்பூர் மகாராஜா ஹன்வந்த் சிங் 1952 ஜனவரி 26ஆம் தேதி, தேர்தல் முடிவு வெளியாகும் தறுவாயில், தம் விமானம் விழுந்து மனைவியோடு மாண்டார். அவருக்கு வயது 28. தேர்தலில் வென்றவர் அவரே.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த அதே 1954இல், இல்லினாய் சர்வகலாசாலையில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளைப் பொனான்சாவில் ஏற்றி, பக்கத்தில் ஆசிரியரை வைத்து, வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்தார்கள். இருபது பேரும் விமானத்தைக் கைவிட்டார்கள். 19 பேர் சுழல் வட்டத்தில் இறங்கினார்கள். ஒருவர் வேகம் இழந்து நிலைகுலைந்தார். சராசரியாக அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை!

இந்த எண்ணிக்கையைச் சொல்லி எல்லாரையும் பயமுறுத்துகிறார்கள். அதே பரீட்சையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதே மனிதர்களுக்குச் சில பாடங்கள் கற்பித்தார்கள். சக்கரத்தை இறக்கு, வேகம் குறையும். என்ஜினைத் தணி. கைப்பிடியிலிருந்து கையை எடு. திருப்பம் காட்டும் கருவியைப் பார்த்து, காலால் மட்டும் சுக்கானை மிதித்து மெதுவாக வந்த வழியே திரும்பு. இவ்வளவுதான். பயிற்சிக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாருமே பத்திரமாகத் திரும்பினார்கள். “கையை எடு” என்பதுதான் பாடத்தின் உயிர்நிலை. பயந்த கை இழுக்கத்தான் பார்க்கும்.

கருவி மாறினால் பழைய பாடமே எமனாகவும் ஆகலாம். 1959 பிப்ரவரி 3ஆம் தேதி அயோவாவில் பட்டி ஹாலி முதலிய பாடகர்கள் மூவரை ஏற்றிச் சென்ற பொனான்சா, பனி பெய்த இரவில் கிளம்பிய சில நிமிஷத்தில் விழுந்தது. விமானிக்கு வயது 21. அவர் பழகிய செயற்கை அடிவானம் ஒரு விதம். அந்த விமானத்தில் இருந்ததோ, மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் அதற்கு நேர்மாறாகக் காட்டும் விதம். 1999 ஜூலை 16ஆம் தேதி இளைய ஜான் கென்னடி தம் சொந்தப் பைப்பர் சரடோகாவில் இரவில் கடல் மேல் பறந்து மறைந்தார். மங்கலான காற்றில் அடிவானம் தெரியவில்லை. விமானத்தைத் தானே ஓட்டும் யந்திரம்கூட அதில் இருந்தது. அவருடைய கருவிப் பயிற்சிதான் முடிந்திருக்கவில்லை.

பிறகு வட்டக் கருவிகள் போய்க் கண்ணாடித் திரைகள் வந்தன. படம், வழி, மழை மேகம் எல்லாம் ஒரே திரையில். அபாயம் ஒழிந்தது என்று நினைத்தார்கள். 2010இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்குப் பார்த்தது. திரை வைத்த விமானங்களில் மொத்த விபத்துகளின் விகிதம் குறைவு. உயிர் போகும் விபத்துகளின் விகிதமோ அதிகம்! ஆகவே ஒவ்வொரு வகைத் திரைக்கும் தனிப் பயிற்சி தேவை என்று வாரியம் சொல்லிற்று. சிர்ரஸ் என்ற விமானத்தின் கதையும் இதுவே. விமானம் முழுவதையுமே தாங்கி இறக்கும் குடை அதில் உண்டு. குடை இருந்தும் ஆரம்பத்தில் பலர் அதை விரிக்காமலே விழுந்து செத்தார்கள். எப்போது விரிப்பது என்பதை உரிமையாளர் சங்கமே பாடமாக வைத்து, விடாமல் பயிற்சி கொடுத்தபின் சாவு குறைந்தது.

புதுச்சேரியின் விமானத்தளம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். சிறு விமானத்துக்கு அது தாராளம். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். நிலா இல்லாத இரவில் கடலை நோக்கி எழும்புகிறவனுக்கு, ஊர் விளக்குகள் பின்னால் போனதும் முன்னால் ஒரே கறுப்பு. அங்கே கீழே மீன்பிடிக்கப் போன படகுகளின் விளக்குகள் சிதறிக் கிடக்கும். இப்படிப்பட்ட கடல்களின் மேல் அந்த விளக்குகளை நட்சத்திரம் என்றே நம்பி, அவை மேலே இருக்கும்படியாக விமானத்தைத் திருப்பப் பார்த்த விமானிகள் உண்டு. ஆசிரியர்கள் இரவுப் பாடத்தைத் தொடங்குமுன் மாணவனிடம் இதைச் சொல்லி, முதலில் செயற்கை அடிவானத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள்.