பச்சிளங் குழந்தையின் மஞ்சட் காமாலை: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

சிகாமட் மருத்துவ மனையில் ஒரு குழந்தை பிறக்கிறது. தாயின் களைப்புத் தீருமுன்பே, அக்குழந்தையின் தொப்புள் கொடியிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து ஆய்வுக் கூடத்திற்கு அனுப்பிவிடுகின்றனர். பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்களும் 'ஏதோ ஒரு சோதனை' என்று விட்டுவிடுகின்றனர். மலேசியாவின் அரசாங்க மருத்துவ மனைகளில் 1980-களிலிருந்து இருந்துவரும் வழக்கம் இது. இச்சில துளி இரத்தத்திற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான பகுதி எங்கோ ஐரோப்பாவில் அன்று, நமக்கு அண்டையிலேயே, சிங்கப்பூரில் நிகழ்ந்தது என்பதை நம்மவர் மிகுதியும் அறியார்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை முதல் வாரத்தில் சற்று மஞ்சள் நிறங் கொள்வது இயற்கையே. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சட் பொருள் தோன்றுகிறது. அதனை வெளியேற்றும் ஆற்றல் குழந்தையின் ஈரலுக்கு உடனே வந்துவிடுவதில்லை. சில நாளில் வந்துவிடும், மஞ்சளும் மறையும். ஆனால் சிவப்பணுக்கள் அளவு கடந்து சிதைந்தால் அம்மஞ்சட் பொருள் மூளைக்குள் புகுந்து, அங்குள்ள நரம்புக் கருக்களில் படிந்துவிடும். ஜெர்மானிய மருத்துவர் ஷ்மோர்ல் 1904-இல் இதற்குக் 'கெர்னிக்டரஸ்' எனப் பெயரிட்டார். 'கெர்ன்' என்பது ஜெர்மன் மொழியில் விதையின் உள்ளீடு, கரு எனப் பொருள்படும். தமிழில் 'மூளைக் காமாலை' என்றால் பொருள் விளங்கும்.

இந்நோய் கண்ட குழந்தைகளுள் பல இறந்தன. பிழைத்தவற்றின் நிலையைத்தான் ஆசிரியர்களாகிய நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். காது கேளாமை, கைகால்கள் தம் விருப்பின்றி முறுக்கி முறுக்கி அசைதல், பேச்சுக் குழறல் ஆகியவை வாழ்நாள் முழுதும் தொடரும். ஆயினும் பலரிடம் அறிவு மட்டும் பெரிதும் கெடாமல் இருக்கும். எல்லாம் புரிந்தும் ஒன்றும் சொல்ல மாட்டாத பிள்ளையைப் 'புத்தி மட்டு' என்று கடைசிப் பெட்டியில் உட்கார வைத்த பள்ளிக்கூடங்கள் எத்தனையோ!

ஐரோப்பாவில் இந்நோய்க்குப் பெருங் காரணமாக இருந்தது தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஆர்.எச். இரத்தப் பொருத்தமின்மை. அங்கே நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் ஆர்.எச். எதிர்மறை இரத்தம் உடையவர்கள். சீனரிடத்தும் மலாய்க்காரரிடத்தும் அது மிக மிக அரிது. அவ்வாறிருந்தும் 1950-களில் சிங்கப்பூரில் மூளைக் காமாலை குழந்தைகளைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. ஐரோப்பியப் பாடநூல்களில் இதற்கு விடை இல்லை. காரணந் தெரியாத மூளைக் காமாலை என்றே மருத்துவர்கள் எழுதி வைத்தனர்.

விடையின் ஒரு பாதி, யாரும் எதிர்பாராத வகையில், மலேரியா மருந்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த ஸ்டேட்வில் சிறையில் பிரிமாகுவின் என்னும் மருந்தைக் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்து வந்தனர். கைதியின் உடலைச் சோதனைக் களமாக்கியது சரிதானா என்ற கேள்வி இன்றளவும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அம்மருந்தால் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் மளமளவென்று சிதைந்தன. காரணத்தைக் கார்சனும் அவருடைய துணைவர்களும் 1956-இல் வெளியிட்டனர். சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ் என்பது அதன் நீண்ட பெயர், சுருக்கமாக ஜி6பிடி.

அமெரிக்கக் கைதிகளிடம் கண்ட இக்குறையைச் சிங்கப்பூர்க் குழந்தைகளின் நோயோடு முடிச்சுப் போட்டவர்கள், அந்நாளில் சிங்கப்பூரில் பணியாற்றிய ஸ்மித், வெல்லா ஆகிய இருவர். பிராங்க் வெல்லா மால்ட்டாத் தீவினர். மலாயாப் பல்கலைக் கழகத்தின் சிங்கப்பூர்ப் பிரிவில் உயிர் வேதியியல் கற்பித்தவர். காரணந் தெரியாத மூளைக் காமாலைக்கு இந்த நொதிக் குறைவே காரணமாகின்றது என்று 1960-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் எழுதினர். அதே ஆண்டில் அதே இதழில் இதே பொருள் பற்றி இன்னொரு கட்டுரையும் வந்தது. அதை எழுதியவர் டேவிட் வெதரால் என்னும் இளைஞர்.

இவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கட்டாய இராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூர் வந்த இவரிடம், குழந்தை மருத்துவத்தில் பயிற்சி இல்லாதபோதே, இராணுவ மருத்துவ மனையின் குழந்தைப் பகுதியை ஒப்படைத்துவிட்டார்கள். அங்கே கூர்க்காப் படைவீரர் ஒருவரின் சிறு மகள் காரணம் விளங்காத இரத்தச் சோகையோடு, பிறர் இரத்தத்தால் உயிர் தாங்கிக் கிடந்தாள். வெதரால் வெல்லாவிடம் சென்றார். மோட்டார் வண்டி பேட்டரிகளையும் வடிதாளையும் கொண்டு ஒரு கருவியமைத்து, அது தாலசீமியா என்று கண்டறிந்தார்கள். முன் அனுமதியின்றிக் கட்டுரை வெளியிட்டதற்காக இராணுவத்தின் கண்டனமும் வெதராலுக்குக் கிடைத்தது! பின்னர் ஆக்ஸ்போர்டில் உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவியவர் இவரே. ஆராய்ச்சிக்கு முதலில் வேண்டுவது படுக்கையருகே நின்று 'ஏன்?' என்று கேட்கும் ஒருவர். கருவி பிறகு தானே வந்து சேரும் போலும்.

காரணம் தெரிந்தால் மட்டும் போதுமா? குழந்தை பிழைக்க வேண்டுமே! இப்பொறுப்பை ஏற்றவர் சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹொக் பூன். மஞ்சள் ஏறிய பின் மருத்துவம் பார்ப்பதைவிட, எந்தக் குழந்தைக்கு ஏறக்கூடும் என்று பிறந்த அன்றே அறிவது நலம் என்பது வழியாயிற்று. 1965-இல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள் கொடி இரத்தத்தைச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. அந்நாளில் இது சிறிய வேலையன்று. தேக்காப் பக்கத்துக் கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவ மனையில் மட்டும் 1966-இல் 39,835 குழந்தைகள் பிறந்தன. அவ்வாண்டில் உலகில் வேறெங்கும் ஒரே மருத்துவ மனையில் அத்துணைக் குழந்தைகள் பிறக்கவில்லை. ('கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். அவ்வட்டாரம் ஒருகாலத்தில் மாடுகளுக்குப் பேர் போனது.)

குறைவுள்ள குழந்தைகளை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவ மனையிலேயே வைத்துக் கண்காணித்தார்கள். மஞ்சள் மிகுந்தால் இரத்தத்தை மாற்றினார்கள். வீட்டில் எவற்றை விலக்க வேண்டும் என்றும் தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவற்றுள் தலையாயது அந்துருண்டை. பேரக் குழந்தைக்கென்று பாட்டி பெட்டியில் பத்திரப்படுத்திய பழந்துணியில் அந்துருண்டையின் ஆவி ஏறியிருக்கும். அத்துணியில் பிள்ளையைச் சுற்றினால், நொதி குறைந்த சிவப்பணுக்கள் உடைந்து போகும். அன்பாலே எடுத்து வைத்த துணி அது. யாரைக் குறை கூறுவது?

சீன மூலிகைகளும் ஐயத்திற்குள்ளாயின. ஊவாங் லியன் என்னும் மூலிகையைச் சிங்கப்பூர் அரசாங்கம் 1978-இல் தடை செய்தது. மறு ஆய்வுக்குப் பின் 2010-களில் அத்தடை நீக்கப்பட்டது. ஆராய்ச்சி தன் முடிவையே மீண்டும் உரைத்துப் பார்ப்பதற்கு இஃதொரு சான்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வாறாயினும், சோதனையும் கண்காணிப்பும் வந்தபின் சிங்கப்பூரில் மூளைக் காமாலை மிக அரிதாகிவிட்டது.

இரத்தம் மாற்றும் தொல்லையைப் பெரிதும் குறைத்தது வேறொரு மருத்துவ மனை. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்னும் ஊரில், 1956-இல், வார்டு என்ற மூத்த செவிலியர் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்தும் துணி மூடிய இடத்தில் மிகுந்தும் இருப்பதை அவர் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். கிரீமர் என்னும் மருத்துவரும் உடன் உழைத்தவர்களும் இதனை ஆராய்ந்து, 1958-இல் ஒளி மருத்துவத்தை வெளியிட்டனர். இன்று குழந்தைப் பகுதிகளில் நாம் காணும் நீல விளக்கு அதன் வழி வந்ததே. நம் பாட்டிமார் காலை இளவெயிலில் குழந்தையைக் காட்டுவதும் இதே குறிப்பை ஒட்டியதுதான். ஆனால் வெயிலின் அளவை யாரும் கணக்கிட முடியாது. மஞ்சள் மிகுந்த குழந்தையை வெயிலை நம்பி வீட்டில் வைத்திருந்த குடும்பங்கள் இழந்தது பெரிது.

நம் பக்கத்தில் இக்குறைவு ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்கலாம். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது உண்டு. மலேரியா நெடுங்காலம் ஆட்சி செய்த நாடுகளிலேயே மிகுதி. நொதி குறைந்த சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்கு வளர்வதில்லை என்பதால், இக்குறைவுடையோர் அந்நோய்க்குத் தப்பிப் பெருகினர் என்று அறிஞர் கருதுகின்றனர். மலேசியாவில் சீனரிடத்து மிகுதியாகவும் இந்தியரிடத்துக் குறைவாகவும் காணப்படுகிறது. குறைவென்றால் இல்லையென்று பொருளன்று. தாய்வழி வருவதாகையால் ஆண் குழந்தைகளையே பெரிதும் தாக்கும்.

சோதனையோ மிக எளிது. வடிதாளில் வைத்த இரத்தத் துளியைப் புற ஊதா ஒளியில் பார்ப்பார்கள். நொதி இருந்தால் துளி ஒளிரும். குறைந்தால் இருண்டே கிடக்கும். விடை குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதப்படும். வேறொரு கிளினிக்கில் மருந்து வாங்கும்போது அதைக் காட்ட வேண்டும். சில மலேரியா மருந்துகளும் சில சல்பா மருந்துகளும் இத்தகையோருக்கு வயது வந்த பின்னும் ஆகா. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நொதி பாதியளவு குறைந்த பெண் குழந்தைகளின் துளி சில வேளை ஒளிர்ந்துவிடும். குறைவே இல்லாத குழந்தைக்கும் வேறு காரணத்தால் மஞ்சள் ஏறுவதுண்டு. ஆகையால்தான் பேறு முடிந்து வீடு திரும்பிய பின்பும், கிராமச் செவிலியர் வாசலில் வந்து நின்று, குழந்தையை வெளிச்சத்தில் காட்டச் சொல்லித் தோலை விரலால் அழுத்திப் பார்க்கிறார்.