தாய்மரணமும் வாக்குரிமையும்: மலையகம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் தாய்சேய் நல வரலாற்றை எழுதுவோர் சில புள்ளிவிபரங்களை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. 1946இல் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 15.5 ஆக இருந்த தாய்மரண வீதம் 1947இல் 10.6 ஆகக் குறைந்தது. அதே ஓராண்டில் சிசு மரண வீதம் 141இலிருந்து 101 ஆகியது. இவ்வீழ்ச்சியின் பெருமை முழுவதையும் டி.டி.ரி. தெளிப்புக்கே அளிப்பது வழக்கம். மலேரியா கருவுற்ற பெண்ணுக்குக் கடும் இரத்தசோகையை விளைவிப்பதாகலின் இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று என்பதே எமது கருத்து.

டி.டி.ரி. வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1926இல், களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. அங்கு உருவான முறையில், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிக்கென ஓர் எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குட்பட்ட கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று காண்பது அவரது கடமையாயிற்று. வைத்தியசாலைக்கு வருவோரை மட்டும் கவனிக்கும் முறையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. வர இயலாதோரே அதிகம் ஆபத்துக்குள்ளாயினர் என்பதை நாம் மறத்தலாகாது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கிராமத்தவரின் வாக்கை நாடி நின்ற அரசியல்வாதிகள் கிராமங்களுக்கு வைத்திய வசதி கோராதிருக்க முடியவில்லை. டி.டி.ரி. ஏற்கெனவே உழப்பட்டிருந்த நிலத்திலேயே பயன் தந்தது.

பெருந்தோட்டங்களின் நிலை வேறு. 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் தொழிலாளரின் மருத்துவப் பராமரிப்பு பெருமளவுக்குத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. அரச மருத்துவிச்சியின் எல்லை பெரும்பாலும் தோட்ட எல்லையோடு முடிந்தது. பேறுகாலம் நெருங்கும்வரை கொழுந்துக்கூடை சுமந்த பெண், நிர்வாகத்தின் கணக்கேட்டில் ஒரு செலவினமாகவே இருந்தாள். (துரைமார் எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்பது எமது வாதமன்று, இரக்கம் உரிமையாகாது என்பதே வாதம்.)

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. கிராமப்புறத் தாய்க்காகப் பாராளுமன்றத்திற் குரலெழுந்த காலத்தில் லயத்துத் தாய்க்காகக் கேட்பார் அரிதாயினர். உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிருந்த 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் 51. தோட்டங்களிலோ அது 100ஐத் தாண்டியது. இலங்கையின் சாதனையென உலகு புகழ்ந்த சராசரிக்குள் இவ்விரு இலங்கைகளும் அடங்கியிருந்தன.

வாக்குரிமை மட்டுமே இரத்தசோகையைத் தீர்த்துவிடாது. கூலி, உணவு, ஒற்றையறை லயம் ஆகியனவும் காரணிகளே. ஆனால் அவற்றைக் கேள்விக்குட்படுத்தும் வலிமை வாக்கற்றோரிடம் இருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1988இல் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கிடையே 1985 முதல் ஒவ்வொரு தாய்மரணமும் கட்டாயமாக அறிவிக்கப்படவேண்டியதாயிற்று; சுகாதார அலுவலர் இறந்தவளின் வீட்டுக்கே சென்று, எப்போது நோவு கண்டது, யாரை அழைத்தனர், வாகனம் எத்தனை மணிக்குக் கிடைத்தது என விசாரித்துப் பதிவு செய்கின்றனர். தாதியரும் மருத்துவிச்சிகளும் திரட்டும் இப்பதிவுகளைத் தோட்டம், கிராமம், நகரம் எனப் பிரித்து ஆராயும் பணி எமது வரலாற்று மாணவர்களுக்கும் உரியது.