அரைப்படி நெல்லும் ஒரு நாவலும்



இன்று டிசம்பர் 25. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு முதலில் என் வாழ்த்துகள். காலையிலேயே இரண்டு வீடுகளிலிருந்து கேக் வந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தேதி வேறொன்றையும் நினைவுபடுத்தும். கோவில்பத்திலிருந்து கிளம்பி, வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூர், நாகப்பட்டினம், சிக்கல், கீழ்வேளூர் என்று போனால் கீழ்வெண்மணி வந்துவிடும். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊர்.

சென்ற வருடம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரியில் தமிழ் படிப்பவள், இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை என்னிடம் வாங்கிப் போனாள். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "சார், அந்தப் பண்ணையாருக்கு உடம்புல அந்தக் குறை இல்லாம இருந்திருந்தா, அரைப்படி கூட்டிக் கொடுத்திருப்பாரா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்மா" என்று அனுப்பிவிட்டேன். இந்தப் பதிவு அவளுக்கான பதில்தான். நீங்களும் படியுங்கள்.

முதலில் வரலாறு. கீழத்தஞ்சையில் நிலம் சில குடும்பங்களிடமும் கோயில், மடங்களிடமும் இருந்தது. உழுதவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையாள் என்று பெயர். வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் விவசாயச் சங்கம் கட்டிய பிறகே இந்தத் தண்டனைகள் ஒழியத் தொடங்கின. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் கூலி உயரவில்லை, சேரி தனியாகவே இருந்தது.

அறுபதுகளில் சங்கம் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டது. அரைப்படி நெல் கூடுதல், அவ்வளவுதான். நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்றார்கள். வெளியூர் ஆட்களை வைத்து அறுத்தார்கள். பகை முற்றியது. 1968 டிசம்பர் 25 அன்று மாலை நடந்த மோதலில் நிலக்காரர் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். அன்றிரவு அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். உயிருக்குப் பயந்தவர்கள் ராமய்யா என்பவரின் சின்னக் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள்.

1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்காரர்களுக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நிறைய நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

இந்தச் சம்பவத்தின் பாதிப்பில் பிறந்ததுதான் 'குருதிப்புனல்'. இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்தில் வளர்ந்து டெல்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1975இல் நாவல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. டெல்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கிவிட்ட கோபால், அவனைத் தேடி வரும் நண்பன் சிவா, பண்ணையார் கண்ணையா நாயுடு என்று கதை போகிறது. பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையையும் தாழ்வு மனப்பான்மையையும் ஆசிரியர் ஒரு காரணமாகக் காட்டுகிறார். கூலிக்கும் சாதிக்கும் நடந்த போராட்டத்தை ஒரு மனிதனின் மனநோயாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே சண்டைக்கு வந்தார்கள். பின்னாளில் சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' நாவலில் இதே நிகழ்வை மண்ணின் பக்கமிருந்து எழுதினார்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தில் பள்ளிக்கூடம், பேருந்து இருக்கை, குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரு காலத்தில் கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று இருந்தன. 1931இல் அங்கே ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது பொய்ப் பாலியல் வழக்குப் போட்டு, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி தண்டனை விதித்தது. அந்த மண்ணில் வளர்ந்த ஹார்ப்பர் லீ 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எழுதினார். அந்த நாவலில் ஊரே சேர்ந்து ஒரு நிரபராதியைக் குற்றவாளி ஆக்குகிறது. பார்த்தால் எல்லாரும் சாதாரண மனிதர்கள், நம் அக்கம்பக்கத்தார் மாதிரி.

இந்த இடத்தில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. வெண்மணி எரிந்தபோது நான் நாலாம் வகுப்பு. எங்களுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. எங்கள் அப்பாயி பிச்சைக்காரர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். ஆனால் வேலைக்கு வருகிற பெரியவருக்குக் கொல்லைப்புறத்தில், கொட்டாங்குச்சியில்தான் கஞ்சி. என்னைவிட நாற்பது வயது மூத்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். செய்தி வந்த மறுநாளும் கஞ்சி அதே கொட்டாங்குச்சியில்தான் ஊற்றப்பட்டது. அவர் குடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கொடுத்திருக்க மாட்டார். எங்கள் அப்பாயிக்கு உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் கிடையாது. குறை எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது, ஊர் முழுக்க எல்லார் கொல்லையிலும் இருந்தது. அந்தக் கொட்டாங்குச்சி இருந்ததால்தான் அரைப்படி கேட்டவன் திமிர் பிடித்தவனாகத் தெரிந்தான்.

அதற்காக நாவலைத் தள்ளிவிடாதே. வெண்மணி என்ற பெயரே கேள்விப்படாத எத்தனையோ பேரை அது யோசிக்க வைத்தது. உன்னையும் கேட்க வைத்ததே!

வெண்மணி நினைவிடத்தில் 44 பேரின் பெயரும் இருக்கிறது. ஒருமுறை போய் நின்று, பிள்ளைகளையும் கூட்டிப்போய், ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெரியவரை ஒருநாள்கூட 'ஐயா' என்று நான் கூப்பிட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
கோவில்பத்து