நீக்கப்பட்ட மனைவியின் பங்கு

இராமநாதபுரம் சேதுபதிகளின் நாட்டில் 1693ஆம் ஆண்டு நிகழ்ந்த இரத்தசாட்சி மரணத்தைத் திருச்சபை வரலாற்று வகுப்பில் நாம் பலகால் கற்பித்து வருகிறோம். தடியத் தேவர் என்னும் மறவர் குலத் தலைவர், நோய் நீங்கப்பெற்றபின், அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோவிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பொருட்டுத் தம் மனைவியர் பலருள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை நீக்கினார். நீக்கப்பட்ட கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் அரசனிடம் முறையிட்டாள். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அக்குருவானவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

சபை வரலாறுகள் கடலாயியைப் பெரும்பாலும் பழிதீர்த்த பெண்ணாகவே காட்டுகின்றன. நாம் அவ்வாறு கருதவில்லை. நீக்கிய பெண்களைச் சகோதரிகளாகப் பாவித்துக் குறைவின்றிப் பராமரிப்பதாகத் தடியத் தேவர் வாக்களித்தார் என்று இயேசு சபையாரின் கடிதங்களே கூறுகின்றன. வாக்கு நல்லதே. ஆயின், அளவை நிர்ணயிப்பவரும் அதைச் செலுத்துபவரும் அங்கு ஒருவரே. வாக்குத் தவறினால் முறையிடுவது எங்கே? கடலாயிக்கு அரசன் உறவினனாயிருந்தான். எத்தனை பெண்களுக்கு அது வாய்க்கும்?

கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம், அளவிடும் பொறுப்பை நீதிமன்றத்திடம் ஒப்புவித்தது. ஆயினும் ஒரு வரம்பையும் விதித்தது. வழக்கு நடைபெறுங்கால் மனைவி பெறும் ஜீவனாம்சம், கணவனுடைய முந்திய 3 ஆண்டுகளின் சராசரி நிகர வருமானத்தில் ஐந்திலொரு பங்கை மிஞ்சலாகாது. மணவிலக்குப் பெறுவதிலும் வேற்றுமை இருந்தது. கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவியோ பொதுவாக விபசாரத்துடன் கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். 132 ஆண்டுகள் இது சட்டநூலில் நின்றது. போதகர்களாகிய நாமும் அதனை அதிகம் கேள்வி கேட்டதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்திலொரு பங்கு என்னும் வரம்பை நீக்கியது. வழக்குச் செலவையும் மனைவி கோரலாம் என்றும், அம்மனுவை இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டும் என்றும் விதித்தது. மணவிலக்குக்கான காரணங்கள் இருபாலருக்கும் பெரும்பாலும் ஒன்றாயின. அதே ஆண்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலிருந்த மாதம் 500 ரூபாய் என்னும் உச்சவரம்பும் எடுபட்டது.

ஆயினும் பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் கரையிலிருந்து நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. விசைப்படகில் செல்வோனுக்கு மாதச் சம்பளம் இல்லை. பிடிபடும் மீனில் பங்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தாலோ பங்கும் இல்லை. இத்தகையோருக்கு மூன்றாண்டுச் சராசரி என்பது நியாயமான அளவுகோலே. வரம்பை நீக்கியபோது அதுவும் சட்டத்தினின்று போயிற்று. களையோடு பயிரும் பிடுங்கப்பட்டது என்றே நாம் எண்ணுகிறோம்.

இருதரப்பாரும் தம் சொத்தையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்றும், மனு அளித்த நாள்முதல் ஜீவனாம்சம் கணக்கிடப்படவேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் 2020இல் கட்டளையிட்டது. அப்பத்திரத்தில் கணவன் மே மாத வருமானத்தை எழுத விரும்புவான். மனைவி தடைக்காலம் நீங்கியபின் வரும் மாதங்களைச் சுட்டுவாள். இருவரும் வழக்கறிஞரிடம் செல்லுமுன் பெரும்பாலும் நம் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள்.