டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் காரின் கியர் இணைப்பைப் புதுப்பித்தல்

டிரயம்ப் ஸ்பிட்ஃபயர், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள கேன்லி ஆலையில் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுநர் கியர் லீவரில் செய்யும் அசைவைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுசேர்க்கும் தண்டு, போல்ட், புஷ், ஸ்பிரிங் ஆகியவற்றின் தொகுதியே அதன் கியர் இணைப்பு. வயதான ஸ்பிட்ஃபயர்களில் அடிக்கடி காணப்படும் குறைகளுள் ஒன்று, லீவர் தொளதொளவென்று ஆடுவதும், எந்த கியரில் நிற்கிறது என்பது கைக்குத் தெரியாமல் போவதும் ஆகும். இந்த ஆட்டம் ஏதோ ஒரு பாகம் கெட்டதால் வருவதில்லை. வரிசையாக அமைந்த பல மூட்டுகளில் ஏற்பட்ட சிறு தேய்மானங்கள் ஒன்றுகூடி, லீவரின் நீளத்தால் பெருகிக் கைக்கு வந்து சேர்கின்றன. அதனால் இணைப்பு முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதிப் புதுப்பித்தால்தான் பலன் கிடைக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூல வடிவமைப்பில் என்ன வேலை தரப்பட்டது என்று அறிந்து, அதற்குப் பொருந்தும் பொருளைத் தேர்வதும் அதே அளவு முக்கியம்.

பின்னணி

ஸ்பிட்ஃபயரின் உடல் வடிவத்தை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலொட்டி வரைந்தார். அடிச்சட்டமும் இயந்திர பாகங்களும் 1959இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு குடும்பக் காரிலிருந்து வந்தவை. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது. ஸ்பிட்ஃபயரின் கியர்பாக்ஸும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சாதாரணக் குடும்பக் காருக்கான நான்கு கியர் பெட்டி ஒன்றை ஸ்போர்ட்ஸ் காருக்குள் வைத்ததன் விளைவுகளை நினைவில் வைத்தால்தான் இந்த இணைப்பின் அமைப்பு புரியும். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்க, ஓட்டுநர் தாழ்வாகவும் பின்னால் தள்ளியும் அமர்கிறார். கியர்பாக்ஸின் மேல்மூடிக்கு நேர் மேலே லீவரை வைத்தால் அது அவருடைய கைக்கு எட்டாத தூரத்தில், டாஷ்போர்டுக்குக் கீழே போய்விடும். எனவே மேல்மூடியின் மீது பின்னோக்கி நீளும் ஓர் அலுமினிய வார்ப்பு பொருத்தப்பட்டு, அதன் பின்முனையில் லீவர் நிறுத்தப்பட்டது. லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் ஒரு நீண்ட தண்டும் அதன் இரு முனைகளிலும் மூட்டுகளும் தேவைப்பட்டன. ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டிய குட்டையான, கைக்கு அருகிலுள்ள லீவரைத் தந்தது இந்த ஏற்பாடுதான். பின்னாளில் தேய்ந்து தொல்லை தரும் மூட்டுகளைச் சேர்த்ததும் இதுவே.

இங்கு விவரிக்கப்படுவது 1962 முதல் 1974 வரை வந்த மாதிரிகளில், அதாவது முதல் மாதிரியிலிருந்து மார்க் 4 வரை, இருந்த மூன்று தண்டுக் கியர்பாக்ஸின் இணைப்பு. இடையில் 1970இன் இறுதியில் வந்த மார்க் 4 மாதிரியில் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் விழும்முன் சுழற்சி வேகங்களை ஒத்திசைக்கும்) வசதி கிடைத்தது. அதற்கு முன் மேல் மூன்று கியர்களுக்கு மட்டுமே அது இருந்தது. 1974 டிசம்பரில் அறிமுகமான ஸ்பிட்ஃபயர் 1500 மாதிரியில் மாரிஸ் மரீனா காரின் வழிவந்த ஒற்றைத் தண்டுக் கியர்பாக்ஸ் இடம்பெற்றது. அதன் இணைப்பின் பாகங்கள் வேறு. ஆனால் தேய்மானம் கூடும் விதமும் அதைச் சீர்செய்யும் தர்க்கமும் அதற்கும் பொருந்தும்.

அமைப்பும் இயக்கமும்

லீவரின் நடுப்பகுதியில் உள்ள உருண்டை, நைலான் கிண்ணம் ஒன்றில் அமர்ந்து எல்லாப் பக்கமும் அசையும். அதை மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்க, அழுத்தித் திருகினால் விடுபடும் மூடி ஒன்று அனைத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. லீவரின் கீழ்முனை, புஷ்களுக்குள் செல்லும் குறுக்குப் போல்ட் ஒன்றால் நீண்ட தண்டின் பின்முனையோடு சேர்கிறது. தண்டு அலுமினிய வார்ப்பின் துளைகளில் தாங்கப்பட்டு முன்னோக்கிச் செல்கிறது. எண்ணெய் கசியாமல் அதைச் சுற்றி ரப்பர் வளையம் உண்டு. தண்டின் முன்முனையில் ஒரு கவ்வி மூட்டும், கூம்பு முனை கொண்ட பூட்டுப் போல்ட்டால் இறுக்கப்பட்ட தேர்வு விரலும் இருக்கின்றன. ஓட்டுநர் லீவரை முன்பின்னாகத் தள்ளும்போது தண்டு எதிர்த்திசையில் நழுவுகிறது. பக்கவாட்டில் தள்ளும்போது அதே தண்டு சுழல்கிறது. சுழலும் தண்டு, மேல்மூடிக்குள் அடுத்தடுத்து நிற்கும் மூன்று தேர்வுத் தண்டுகளுள் ஒன்றின் பள்ளத்துக்கு விரலைக் கொண்டுசெல்கிறது. ஒன்று முதல்-இரண்டாம் கியர்களுக்கு, மற்றொன்று மூன்று-நான்குக்கு, மீதமுள்ளது ரிவர்ஸுக்கு. நழுவும் தண்டு, தேர்ந்தெடுத்த ஒன்றை முன்னோ பின்னோ தள்ளிக் கியரை இணைக்கிறது. ஒரே தண்டு நழுவல், சுழற்சி என்ற இரண்டு வேலைகளையும் செய்வதால், அதன் மூட்டுகள் இரண்டு வகையிலும் தேய்கின்றன. நழுவும் திசையில் தேய்ந்தால் கியர் முழுமையாக விழாது. சுழலும் திசையில் தேய்ந்தால் எந்த வரிசையில் லீவர் நிற்கிறது என்பது தெரியாது. இரண்டாம் கியரைத் தேடும் கை நான்காவதில் போய் நிற்கும்.

தேய்மானம் பெருகும் கணக்கு

லீவரில் உருண்டைக்கு மேலுள்ள நீளம் கீழுள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். கணக்கை எளிதாக்க, அது ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் போல்ட், அதைச் சுற்றிய புஷ், முன்முனைக் கவ்வி மூட்டு, தேர்வு விரல் ஆகிய நான்கு இடங்களிலும் தலா 0.3 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது பொருட்படுத்தத் தக்கதாகவே தோன்றாது. நான்கும் சேர்ந்தால் 1.2 மில்லிமீட்டர். ஐந்து மடங்காகப் பெருகி அது கைப்பிடியில் 6 மில்லிமீட்டர் வெற்று அசைவாகிறது. இதில் ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றியவருக்கு ஆட்டம் 4.5 மில்லிமீட்டராகக் குறையும். செலவழித்த நேரத்துக்கும் கையில் தெரியும் மாற்றத்துக்கும் பொருத்தமில்லாமல் போவதால், கியர்பாக்ஸே கெட்டுவிட்டது என்ற தவறான முடிவுக்கு அவர் வந்துவிடுவதும் உண்டு. இந்த எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. ஆனால் அவை காட்டும் உறவு எந்த ஸ்பிட்ஃபயருக்கும் பொருந்தும். ஒரே வரிசையில் அமைந்த மூட்டுகளின் ஆட்டங்கள் கூட்டப்படுகின்றன, லீவர் அந்தக் கூட்டுத்தொகையைப் பெருக்குகிறது. எனவே ஒரு பாகம் ‘இன்னும் பரவாயில்லை’ என்று மதிப்பிடும்போது அதன் சொந்த ஆட்டத்தைப் பார்ப்பது போதாது. கூட்டுத்தொகையில் அதன் பங்கைப் பார்க்க வேண்டும்.

குறை எங்கே என்று கண்டறிதல்

கியர் மாற்றத்தில் வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் இணைப்பே காரணம் அல்ல என்ற ஆட்சேபம் நியாயமானது. நான்காம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், இணைப்பு தேய்ந்து கியர் முழுமையாக விழாமல் இருக்கலாம். தேர்வுத் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். உள்ளேயுள்ள பற்களே மழுங்கியிருக்கலாம். கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வந்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் முழுமையாக விடுபடாமல் இருக்கலாம். இந்த ஆட்சேபம் இணைப்பைப் புதுப்பிக்கும் தேவையை மறுப்பதில்லை. சோதனைக்கு ஓர் ஒழுங்கைத்தான் கோருகிறது. இன்ஜின் ஓடாதபோது எல்லா கியர்களும் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் ரிவர்ஸில் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். அது சரியாக இருந்தால் அடுத்தது இணைப்பு. ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸை மறைக்கும் உறை காரின் உள்ளிருந்தே கழற்றக்கூடியது என்பதால், கியர்பாக்ஸை இறக்காமலேயே இந்தச் சோதனையைச் செய்ய முடியும். ஒருவர் லீவரை மெல்ல அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து, லீவர் பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். அலுமினிய வார்ப்பைக் கழற்றியபின், மேல்மூடியிலுள்ள தேர்வுத் தண்டுகளை நேரடியாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அவை ‘கிளிக்’ என்று தெளிவாக விழுந்தால் குறை பெரும்பாலும் இணைப்பில்தான். அவையே தளர்வாக நழுவினால், வெளியே எத்தனை புஷ் மாற்றினாலும் அந்தக் கியர் கழன்று வரும் தொல்லை தீராது. இதை முதலில் உறுதிசெய்வது வீண் செலவைத் தடுக்கும்.

புதுப்பிக்கும் முறை

பேட்டரி இணைப்பைத் துண்டித்து, லீவரை நியூட்ரலில் வைத்து, கைப்பிடியையும் ரப்பர் உறையையும் எடுத்தபின் மூடியை அழுத்தித் திருகி லீவரை விடுவிக்கலாம். ஓவர்டிரைவ் ஸ்விட்ச் கைப்பிடியிலேயே அமைந்த கார்களில் அதற்கான ஒயரை முதலில் கழற்ற வேண்டும். வார்ப்பு எடுக்கப்பட்டதும் கியர்பாக்ஸின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுவது கட்டாயம். உள்ளே விழும் ஒரு வாஷர் முழுக் கியர்பாக்ஸையும் பிரிக்க வைத்துவிடும். கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி ஆராய்ந்தால், தேய்ந்தவை ரப்பரும் நைலானும் மட்டுமல்ல என்பது தெரியவரும். குறுக்குப் போல்ட்டில் புஷ் அமரும் இடத்தில் படிபோலப் பள்ளம் விழுந்திருக்கும். போல்ட் செல்லும் துளைகள் வட்டமிழந்து நீள்வட்டமாகியிருக்கும். கூம்பு முனைப் போல்ட் தளர்ந்து ஓடிய கார்களில் அந்த முனை அமரும் குழியும் விரிந்திருக்கும். உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் புஷ் தொகுப்பை வாங்கி மாட்டினால் போதும் என்ற கருத்து இங்கே அடிபடுகிறது. புது புஷ்ஷின் உள்விட்டம் தேயாத போல்ட்டுக்காக அளவிடப்பட்டது. தேய்ந்த போல்ட்டின் மீது அது முதல் நாளிலேயே ஆடும். நீள்வட்டத் துளைக்கு எந்த வட்டமான புஷ்ஷும் பொருந்தாது. போல்ட்டை மாற்றி, துளையை ரீமரால் வட்டமாக்கி, லேத்தில் கடைந்த ஸ்லீவை இறுக்கமாக அடித்து மூல விட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் புது புஷ்ஷுக்குப் பொருள் உண்டு.

மீண்டும் பூட்டும்போது வரிசை முக்கியம். ரப்பர் வளையத்தைப் புதிதாக இட்டு, தண்டு வார்ப்பில் தடையின்றி நழுவிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். கூம்பு முனைப் போல்ட்டின் முனை குழிக்குள் நேராக அமர்ந்த பிறகே அதை இறுக்கிப் பூட்ட வேண்டும். குழியின் ஓரத்தில் இறுகிய போல்ட் முதலில் உறுதியாகத் தோன்றினாலும் சில நூறு கியர் மாற்றங்களில் தளர்ந்துவிடும். நைலான் கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் கிரீஸ் தேவை. ரப்பர் புஷ்ஷில் சாதாரணக் கனிம எண்ணெய்க் கிரீஸ் படக்கூடாது, ஏனென்றால் அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கை தவறி ரிவர்ஸுக்குப் போவதைத் தடுக்கும் நிறுத்தத்தைக் கடைசியில் சரிபார்க்க வேண்டும். பழைய ஆட்டத்துக்கு ஏற்பத் திருகி வைத்த நிறுத்தம், ஆட்டம் போன பின் இடைஞ்சலாகி, முதல் கியரை முழுமையாக விழவிடாமல் தடுக்கக்கூடும்.

எந்தப் பொருள், எந்த இடத்தில்

மென்மையான புஷ்கள்தானே தேய்கின்றன, எல்லாவற்றையும் வெண்கலத்திலோ எஃகிலோ கடைந்து போட்டால் தலைமுறைக்கும் நிற்குமே என்பது வலுவான ஆட்சேபம். அதற்கான பதில் மூட்டுக்கு மூட்டு மாறும். அலுமினிய வார்ப்பு கியர்பாக்ஸின் மீதே நிற்பதால், இன்ஜினின் ஒவ்வோர் அதிர்வும் வார்ப்பு வழியாக லீவரின் அடிவரை வருகிறது. அங்கே ரப்பர் புஷ் வைக்கப்பட்டதன் நோக்கம், தண்டிலிருந்து லீவருக்குச் செல்லும் அதிர்வை உறிஞ்சுவது. அந்த இடத்தில் உலோகத்தைப் பொருத்தினால் கியர் துல்லியமாக விழும். கூடவே வேகத்தில் லீவர் ரீங்கரிக்கும். உலோகத்தோடு உலோகம் மோதுவதால் இதுவரை மலிவான புஷ் ஏற்ற தேய்மானத்தை இனி தண்டும் துளையும் ஏற்கும். எளிதில் மாற்றக்கூடிய பாகத்தைக் காப்பாற்றி, கிடைப்பதற்கு அரிய வார்ப்பைத் தேயவிடுவது தலைகீழான சிக்கனம். அதே சமயம், தண்டு வார்ப்புக்குள் நழுவும் துளைகளில் அதிர்வை உறிஞ்சும் வேலை கிடையாது. அங்கு தேவை வழுவழுப்பும் அளவுத் துல்லியமும் மட்டுமே. தேய்ந்துபோன வார்ப்புத் துளைக்கு எண்ணெய் தாங்கும் வெண்கல ஸ்லீவ் மிகப் பொருத்தமானது. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் இடுவது இவற்றுக்கு நடுவிலான வழி: ஆட்டம் குறையும், அதிர்வு சற்றுக் கூடும், எண்ணெய்ப் பூச்சைத் தாங்கும். நீண்ட பயணம் செய்பவருக்கு ரப்பரும், போட்டிகளில் ஓட்டுபவருக்குப் பாலியூரித்தேனும் பொருந்தலாம். ஆனால் ‘கடினமானது எப்போதும் மேலானது’ என்ற பொதுவிதிக்கு இந்த இணைப்பில் இடமில்லை.

மூலத்தன்மை பற்றிய கேள்வி

பழைய கார்களைப் பேணுவோரிடையே, துளையில் ஸ்லீவ் அடிப்பதும் பாலியூரித்தேன் இடுவதும் காரின் மூலத்தன்மையைக் குலைக்கும் என்ற வாதமும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத பாகத்துக்குக்கூட வரலாற்று மதிப்பு உண்டு என்பதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டுகள் ஆடும் இணைப்பும் ஆலையிலிருந்து வெளிவந்த நிலையில் இல்லை. மூல வடிவமைப்பு லீவருக்குத் தர எண்ணிய குறுகிய, தெளிவான அசைவை அது எப்போதோ இழந்துவிட்டது. தேய்ந்த வார்ப்பைத் தூக்கியெறிந்து வேறொன்றைத் தேடுவதைவிட, அதே வார்ப்பில் ஸ்லீவ் அடித்து மூல அளவுக்கு மீட்பதே அதிகப் பழைய பொருளைக் காப்பாற்றுகிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் தயாரானதால் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதனால் புஷ், போல்ட், ரப்பர் வளையம் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றலாம், வார்ப்பையும் தண்டையும் லீவரையும் தக்கவைக்கலாம். எது தேய்வதற்காகவே வைக்கப்பட்டது, எது நிலைப்பதற்காக வைக்கப்பட்டது என்ற வேறுபாட்டை வடிவமைப்பே சொல்லித் தருகிறது. அந்த வேறுபாட்டைப் பின்பற்றி, எல்லா மூட்டுகளையும் ஒரே முறையில் அளந்து மீட்கும் வேலைதான் புதுப்பித்தல் என்ற பெயருக்குத் தகும். ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றி மற்றவற்றை அடுத்த முறைக்கு விடுவது, அதே மூடியையும் அதே லீவரையும் மறுபடியும் கழற்றும் கூலியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதாகவே முடியும்.