தச்சன் செய்த கடிகாரம்

அலைகடலின் நடுவே ஒரு கப்பல். மேலே வானம், கீழே தண்ணீர், நாற்புறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் கரையில்லை. கப்பலில் பீரங்கிகள் உண்டு, வீரர்கள் உண்டு, விருது பெற்ற தளபதிகள் உண்டு. 'நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?' என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை! உலகைக் கட்டியாளப் புறப்பட்ட ஐரோப்பிய வல்லரசுகளின் நிலை முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பு இதுதான்.

1707ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் இரவு. போர்முனையிலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் கடற்படை. தலைமை ஏற்றிருந்தவர் சர் கிளௌடெஸ்லி ஷவல். கணக்குத் தவறிற்று. ஆழ்கடல் என்று எண்ணிய இடத்தில் சில்லித் தீவுகளின் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. நான்கு கப்பல்கள் நொறுங்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், தளபதியும் மாண்டார். இடம் தவறு என்று எச்சரித்த மாலுமி ஒருவனைத் தளபதி தூக்கிலிட்டார் என்று பின்னாளில் ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஆதாரமற்ற கதை, சுவையாக இருக்கிறது என்பதற்காக நாம் அதை நம்ப வேண்டியதில்லை.

வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதை, அதாவது அட்சரேகையை, நண்பகல் கதிரவனின் உயரத்தையோ துருவ விண்மீனின் உயரத்தையோ அளந்து மாலுமி அறிந்துவிடுவான். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்ற தீர்க்கரேகையில்தான் அறிவு தடுமாறிற்று. உலகம் 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை, பாகைக்கு 4 நிமிடம். புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால் போதும். கப்பல் இருக்குமிடத்து நண்பகலோடு ஒப்பிட்டு இடத்தைச் சொல்லிவிடலாம். கணக்கு, பள்ளிச் சிறுவனுக்கும் எளிது. ஆனால் துறைமுகத்து நேரத்தைக் கப்பலில் ஏற்றிச் செல்வது எப்படி? அந்நாளின் சிறந்த கடிகாரங்கள் ஊசலை நம்பி ஓடின. ஆடும் கப்பலில் ஊசல் என்ன செய்யும்! வெப்பத்தில் உலோகம் நீளும், குளிரில் குறுகும், எண்ணெய் இறுகும், கடற்காற்றில் இரும்பு துருவேறும்.

இதற்குக் கூறப்பட்ட வழிகளைக் கேட்டால் சிரிப்பு வரும். காயத்தில் படாமலே, காயப்படுத்திய கத்தியில் தூவினாலே வேலை செய்யும் ஒரு மாயப்பொடி உண்டென்று அன்று நம்பியோர் உண்டு. கத்தியால் குத்திய நாயொன்றைக் கப்பலில் ஏற்றி அனுப்பு, கரையிலே, அந்தக் கத்தியின் மீது நண்பகல்தோறும் பொடியைத் தூவு, கடலிலே நாய் குரைக்கும், மணி பன்னிரண்டு! 1687இல் வெளியான நூலொன்றில் இந்த 'யோசனை' அச்சேறியிருக்கிறது. கேலிக்காகவே எழுதியிருப்பார்கள் என்பாரும் உண்டு. அப்படியே இருக்கட்டும், மனித அறிவின் மானம் பிழைக்கும்.

1714இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றியது. அதை இயற்றியவர்களை நாம் பாராட்டத்தான் வேண்டும். அரைப் பாகைக்குள் தீர்க்கரேகையைக் காட்டும் முறைக்கு 20,000 பவுன். மூன்றில் இரண்டு பாகைக்குள் காட்டினால் 15,000. ஒரு பாகைக்குள் என்றால் 10,000. குறியைச் சொன்னார்கள், வழியைச் சொல்லவில்லை. அளவுகோலை வைத்தார்கள், ஆளை வைக்கவில்லை. பட்டம் கேட்கவில்லை, பரம்பரை கேட்கவில்லை. வருங்காலத்துக்குத் திட்டமிடும் எந்த நிறுவனமும் பின்பற்றத்தக்க முறை அது.

ஆனால் சட்டம் கேட்காததை நீதிபதிகள் கேட்டனர்! பரிசை வழங்க அமைந்த தீர்க்கரேகை வாரியத்தில் கடற்படைத் தலைவர்களும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களும், அரச வானியலாளரும் வீற்றிருந்தனர். விடை வானத்திலிருந்துதான் இறங்கிவரும் என்பது அவர்களுள் பெரும்பாலோரின் முடிந்த முடிபு. மாமேதை நியூட்டனே பார்லிமெண்ட் குழுவின் முன் கடிகாரத்தையும் ஒரு வழியாகக் கூறி, கப்பலின் ஆட்டத்தையும், வெப்ப தட்ப மாறுதலையும், ஈரத்தையும் எடுத்துக்காட்டி, அப்படிப்பட்ட கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆறு வாரப் பயணத்தில் அரைப் பாகைக்குமேல் பிசகக்கூடாது என்றால், கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று விநாடி கூடத் தவறக்கூடாது! ஆயினும் 'இன்னும் செய்யப்படவில்லை' என்று மேதை சொன்னதை, 'செய்யவே முடியாது' என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

செய்ய முடியும் என்று காட்டியவர் ஒரு தச்சனின் மகன்.

ஜான் ஹாரிசன், யார்க்ஷயரில் 1693இல் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். கேம்பிரிட்ஜில் கணிதம் போதித்த பார்வையற்ற பேராசிரியர் சாண்டர்சனின் சொற்பொழிவுகள், கையெழுத்துப் படியாக அவர் கைக்குக் கிடைத்தன. முழுவதையும் தம் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார். அதை இரவல் தந்தவர் ஒரு பாதிரியார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தச்சனின் கை மரத்தை அறியும். எண்ணெய்தான் கடிகாரத்தின் பகை என்று கண்டு, தானே பசை கசியும் மரத்தால் தாங்கிகள் செய்தார். எண்ணெய்க்கே வேலையில்லாமல் போயிற்று. பித்தளை மிகுதியாய் நீளும், எஃகு குறைவாய் நீளும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்றால் அழித்து, வெயிலிலும் குளிரிலும் நீளம் மாறாத ஊசல் அமைத்தார். நூலில் இருந்ததல்ல இந்த அறிவு, பட்டறையில் பிறந்தது.

1730இல் லண்டன் சென்றார். அரச வானியலாளர் எட்மண்ட் ஹாலி அவரைக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரகாமிடம் அனுப்பினார். போட்டியாளன் என்று விரட்டவில்லை கிரகாம். வட்டியில்லாமல் பணம் கொடுத்தார்! 1735இல் முதல் கடற்கடிகாரம் பிறந்தது. எடை 34 கிலோ; ஊசல் இல்லை, எதிரெதிராக அசையும் இரு தண்டுகள். மறு ஆண்டு லிஸ்பனுக்கு அதனோடு சென்றார். திரும்பும் வழியில் கரை தெரிந்தது. கப்பலோட்டி ஓர் இடத்தின் பெயரைச் சொன்னார்; 'அல்ல, அது லிசர்டு முனை' என்றார் ஹாரிசன். தச்சன் மகன் சொன்னதே சரி. கப்பலோட்டியின் கணக்கு ஏறத்தாழ 60 மைல் பிசகியிருந்தது.

1737இல் வாரியம் கூடியது. சட்டம் பிறந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகு, அதுதான் அதன் முதற் கூட்டம்! பரிசுக்குரிய சோதனையை அன்றே கேட்டிருக்கலாம் ஹாரிசன். கேட்கவில்லை. தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துக் கூறி, இதைவிடச் சிறந்ததைச் செய்ய 500 பவுன் மட்டும் வேண்டினார்.

இரண்டாவது கடிகாரம் முடிந்தது. அதன் அமைப்பிலேயே ஒரு பிழையைக் கண்டு கடலுக்கே அனுப்பாமல் ஒதுக்கினார். மூன்றாவதைத் தொடங்கினார். ஓராண்டல்ல, ஈராண்டல்ல, 19 ஆண்டுகள்! வெப்பத்துக்கேற்ப வளைந்துகொடுக்கும் ஈருலோகப் பட்டையும், உராய்வைக் குறைக்கும் உருளைத் தாங்கியும் அந்த உழைப்பில் கிடைத்தவை. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் எந்திரங்களுக்குள் உழைக்கின்றன. ஆனால் மூன்றாவது கடிகாரம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

இதற்கிடையே, தம் சொந்த உபயோகத்துக்காக, ஜான் ஜெஃப்ரிஸ் என்ற கைவினைஞரிடம் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்து வாங்கினார். 1753இல் அது கைக்கு வந்தது. சட்டைப்பைக் கடிகாரம் விளையாட்டுப் பொருள் என்பது அக்கால வல்லுநர்களின் எண்ணம். ஹாரிசனின் எண்ணமும் அதுவே. அந்தச் சிறு பொருளோ வியக்கத்தக்க ஒழுங்கோடு ஓடிற்று! பெரிய தண்டு மெல்ல அசைந்தால் கப்பலின் ஆட்டம் அதைக் கெடுக்கும். சிறு சக்கரம் விரைந்து துடித்தால் அந்த ஆட்டம் அதனைத் தீண்டாது. உண்மை விளங்கிற்று. அறுபது வயது மனிதர், பல்லாண்டு உழைப்பின் பாதையைத் தாண்டி, வேறு பாதையில் முதலடி எடுத்து வைத்தார். பிறர் கொள்கையை மறுப்பது எளிது, தோழர்களே! வாழ்நாளையே விலையாகக் கொடுத்து வளர்த்த தன் கொள்கையைத் தானே மறுப்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! இந்த வரலாற்றில் நாம் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் இடம் பரிசல்ல, இதுதான்.

1759இல் நான்காவது கடிகாரம் முடிந்தது. குறுக்களவு 13 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, விநாடிக்கு ஐந்து துடிப்பு. 1761இல் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்கு எடுத்துச் சென்றார். பிசகு ஐந்து விநாடி! 'தற்செயல்' என்றது வாரியம். 1764இல் பார்படோஸ் பயணம். 47 நாட்களில் பிசகு 39 விநாடி. சட்டம் கேட்ட துல்லியத்தைப் போல மும்மடங்கு.

பரிசு கிடைத்ததா? இல்லை, விதி மாறிற்று! கடிகாரத்தைப் பிரித்து மர்மம் அனைத்தையும் விளக்கினால் பாதி. பிறரும் அதைச் செய்ய முடியும் என்று மெய்ப்பித்தால் மீதி என்று 1765இல் புதுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அரச வானியலாளராகி வாரியத்தில் அமர்ந்தவர் பாதிரியார் நெவில் மாஸ்கெலின். நிலவுக்கும் விண்மீனுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து தீர்க்கரேகை காணும் போட்டி முறையின் முதன்மை ஆதரவாளர் அவர். போட்டியாளரே நீதிபதி! கடிகாரங்கள் கிரீனிச்சுக்குப் பறிமுதலாகச் சென்றன. முதல் கடிகாரத்தைத் தூக்கும்போது கீழே போட்டுவிட்டார்கள். நான்காவதைச் சோதித்த மாஸ்கெலின், அதனை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பளித்தார்.

மாஸ்கெலினை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனமில்லை. அவர் முறை பொய்யன்று. 1767 முதல் அவர் வெளியிட்ட கடற்பஞ்சாங்கம், மணிக்கணக்கில் நீண்ட கணிப்பைச் சுருக்கிற்று. அது சோதிடப் பஞ்சாங்கமன்று. நிலவின் இடத்தை முன்கூட்டிக் கணித்த அட்டவணை. வானம் இலவசம், கடிகாரமோ அரும்பொருள். அசையாத தரையில் வானமுறை நன்றாகவே பலித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுப்பிய வானாய்வு நிலையத்தில், வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் கொண்டுதான் அந்நகரின் தீர்க்கரேகையைக் கணித்தார்கள். 'பிறரும் செய்ய முடியுமா?' என்று வாரியம் கேட்டதும் தவறான கேள்வியன்று. ஒருவர் கையில் மட்டும் பலிப்பது வித்தை. பலர் கையில் பலிப்பதே தொழில்நுட்பம். அக்கேள்வியை 1714இலேயே கேட்டிருக்க வேண்டும். ஓடி முடித்தவனிடம், 'எல்லைக்கோடு இன்னும் தள்ளி இருக்கிறது' என்று சொன்னதுதான் அநீதி.

எண்பதை நெருங்கிய கிழவர், ஐந்தாவது கடிகாரத்தோடு மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார். 1772இல் மன்னரின் சொந்த ஆய்வகத்தில் அது தேறிற்று. அடுத்த ஆண்டு பார்லிமெண்டே தலையிட்டு 8,750 பவுன் வழங்கியது. அப்போதும் வாரியம் தன் பரிசை அறிவிக்கவில்லை, யாருக்குமே அறிவிக்கவில்லை. 1776இல் ஹாரிசன் மறைந்தார்.

அதற்குமுன் கடல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நான்காவது கடிகாரத்தைப் பார்த்து லார்கம் கெண்டால் செய்த படியை, 1772இல் தொடங்கிய தம் இரண்டாம் பயணத்தில் கேப்டன் குக் எடுத்துச் சென்றார். வெப்பக் கடலும் பனிக்கடலும் கண்டு 1775இல் திரும்பியவர், கடிகாரத்தின் புகழ்பாடுவோருள் ஒருவராய்த் திரும்பினார். ஆனால் கெண்டாலின் படிக்கு ஆன செலவு 450 பவுன். எத்தனை கப்பல்களுக்கு இயலும்? ஜான் ஆர்னால்டு, தாமஸ் எர்ன்ஷா என்ற இரு கைவினைஞர்கள் ஹாரிசனின் அமைப்பை அப்படியே பின்பற்றாமல், எளிய உறுப்புகளால் விலை குறைந்த கடற்கடிகாரங்களைப் பெருக்கினர். தீர்க்கரேகை வாரியம் 1828இல் கலைக்கப்பட்டது.

மூன்றாண்டு கழித்து, 1831 டிசம்பரில், தீர்க்கரேகைகளைக் குறித்துவர இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. பெயர் பீகிள். அதன் அறையொன்றில், மரத்தூளில் பதித்த பெட்டிகளுக்குள் 22 கடற்கடிகாரங்கள் துடித்துக்கொண்டிருந்தன. கப்பலில் இருந்தவர்களுள், அதே 22 வயதுடைய இளைஞன் ஒருவன், சார்லஸ் டார்வின்.